முன்சீற்றில ஆர் இருக்கினம்?

போன வருசம் ஆவணியில் ஒரு விடியக்காலை எங்கட கார் கத்தத் தொடங்கியது. கேற்றைத் தாண்டி ஒழுங்கைக்குள் இறங்கும்வரை பேசாமல்தான் வந்தது. பெரிய ரோட்டில் ஏறி வேகம் இருபதைத் தாண்டினதும் "டிங் டிங் டிங்". டாஷ்போட்டில் சிவப்பாய் ஒரு சின்ன மனிசன், நெஞ்சுக்குக் குறுக்கால ஒரு பட்டி. அப்பா தன்ர பெல்ற்றைத் தொட்டுப் பார்த்தார். பூட்டித்தான் இருந்தது. பக்கத்துச் சீற்றில் ஒருத்தரும் இல்லை. ஒரு சந்தைப் பை இருந்தது, அதைத் தூக்கிப் பின்னுக்கு வைத்தோம். சத்தம் நிற்கவில்லை.

"முன்சீற்றில ஆரோ பெல்ற் போடாமல் இருக்கினம் எண்டு சொல்லுது" என்று அப்பா விளங்கப்படுத்தினார். பின்னுக்கு இருந்த அம்மம்மா எட்டிப் பார்த்துவிட்டு "ஆர் இருக்கினம்?" என்று கேட்டா. ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. அடுத்தநாள் பார்த்தால் முன்சீற்றின் தலைப்பக்கத்தில் மூன்று விரல் திருநீறு.

நாங்கள் என்றால் அக்காவும் தம்பியும். கலைப்பீடத்தில் இரண்டாம் வருசம் படிக்கிற ஆள் இதை எழுத, கணிதப் பிரிவில் ஏ.எல். எடுக்கப்போகிற ஆள் பக்கத்தில் இருந்து பிழை பிடிக்கிறார். வீட்டில் எந்தக் குழப்படி நடந்தாலும் ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் ஏச்சு விழும். இந்தக் கதையில் நடந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்து செய்ததுதான், அதனால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

கார் ஜப்பானில் ஓடி முடிச்ச சின்னக் கார். அப்பா ஹயருக்கு ஓடுறவர். கிழமைக்கு ஒரு எயார்போட் ஹயர் வந்தால் வீட்டுக்குப் பிரச்சினை இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்கா போய்வரப் பதினைந்து மணித்தியாலம் பிடிக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிப்பாட்டினதிலிருந்து பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்து விட்டபிறகும் எங்கள் மாதிரி ஆக்களுக்கு அது கடைக் கண்ணாடிக்கு வெளியில் நின்று பார்க்கிற விசயம்தான். ஆகவே இந்தக் காரை வைத்துத்தான் காலம் போகவேணும். அது கத்தினால் கேட்டுக்கொண்டுதான் இருக்கவேணும்.

எங்கட காரில் அந்தச் சத்தம் ரெண்டு நிமிசம் போல கத்திவிட்டு ஓயும். ஆனால் நிப்பாட்டி ஒருக்கா வெளிக்கிட்டால் திரும்பவும் முதலில் இருந்து தொடங்கும். ரவுணுக்குள் ஓடுகிற நாளில் தலை வெடிக்கும். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கி நித்திரையோடு ஏறுகிற ஆக்கள் முதல் பத்து நிமிசத்துக்குள் "என்னண்ணை இது, காரில ஏதும் பிழையோ?" என்று கேட்டுவிடுவினம். ஹயர் ஓடுகிற ஆளுக்கு அதைவிட ஒரு கேள்வி வேண்டாம்.

முதலில் அப்பா செய்தது நல்ல வேலைதான். ஆளில்லாத சீற்றுக்குக் குறுக்கால பெல்ற்றை இழுத்துப் பூட்டிவிட்டார். சத்தம் நின்றது. பிறகு முன்னுக்கு ஏறுகிற ஆக்கள் பூட்டின பெல்ற்றுக்கு மேலேயே இருக்கத் தொடங்கினார்கள். கழற்றித் திரும்பப் போடுங்கோ என்று அப்பா சொல்லவில்லை. காசு தருகிற ஆளுக்குப் புத்தி சொல்ல அவருக்குக் கூச்சம். கொஞ்சப் பேர் முதுகுக்குப் பின்னால் பட்டி உரசுது என்று குறை சொன்னார்கள்.

அப்போதுதான் நாங்கள் கிளிப் வாங்கிக் கொடுத்தோம்.

வாகனச் சோடனைச் சாமான் விற்கிற எந்தக் கடையிலும் அது கிடைக்கும். பெல்ற்றின் நுனியில் இருக்கிற இரும்பு நாக்கு மட்டும், பட்டி இல்லாமல். சிலதில் கார்க் கொம்பனியின் சின்னமும் பளபளப்பாய் இருக்கும். அதைப் பூட்டுக்குள் செருகிவிட்டால் கார் பெல்ற் போட்டாச்சு என்று நினைத்துக்கொள்ளும். ரெண்டு கிளிப் அறுநூறு ரூபாய். அப்பாவின் பிறந்தநாளுக்கு வாங்கின கேக்கைவிட மலிவு, அவர் அதைப் பார்த்துத்தான் கூடச் சந்தோசப்பட்டார். நாங்களும் எங்களை மெச்சிக்கொண்டோம்.

அந்த நேரத்தில் காருக்குள் என்ன நடந்தது என்று எங்களுக்குச் சரியாய் விளங்கவில்லை. பிறகு விளங்கினது இதுதான். முன்சீற்றின் மெத்தைக்குக் கீழே ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் தாள் இருக்கிறது. அதற்குள் மின்சுற்று. ஆள் இருந்தால் பாரத்தில் உள்ளுக்குள் தொடுபட்டு 'ஆள் இருக்கு' என்று சொல்லும். பெல்ற் பூட்டுக்குள் இன்னொரு சுவிச், அது 'பூட்டியாச்சு' என்று சொல்லும். ஆள் இருக்கு, பூட்டவில்லை, கார் ஓடுது. இந்த மூன்றும் ஒன்றாய் வந்தால் சத்தம். எங்கட காரில் முதலாவது பொய் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் அதைத் திருத்தாமல் ரெண்டாவதையும் பொய் சொல்லப் பழக்கினோம். அதற்குப் பிறகு உண்மையாகவே ஒரு ஆள் ஏறி இருந்தாலும் காருக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. பூட்டுக்குள் கிளிப் இருக்கிறதால், பெல்ற் போட விரும்புகிற ஆளும் முதலில் அதைக் கழற்றவேணும். ஒருத்தரும் கழற்றவில்லை.

இந்தச் சத்தத்தோடு சண்டை பிடித்த முதல் ஆக்கள் நாங்கள் இல்லை. அமெரிக்காவில் 1974 ஆம் ஆண்டு மொடல் கார்களில், முன்சீற்றுக்காரர் பெல்ற் போடாவிட்டால் எஞ்சினே ஸ்ரார்ட் ஆகாத மாதிரிச் செய்து விட்டிருந்தார்கள். சீற்றில் சாமான் பையை வைத்தாலும், நாய் ஏறி இருந்தாலும் கார் அசையாது. சனம் கொதித்துப்போய், அந்த வருசமே அவர்களின் காங்கிரஸ் சட்டத்தை மாற்றியது. எஞ்சினை மறிக்கிறதைக் கட்டாயமாக்கக் கூடாது, சத்தமும் எட்டு செக்கனுக்கு மேலே கேட்கவேணும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. இதை வாசித்தபோது சந்தைப் பைக்காரர் எல்லா ஊரிலும் இருக்கினம் என்று சிரித்தோம். சிரித்தது கிளிப் வாங்கின காலத்தில்.

எங்கட ஊரில் பெல்ற் என்பது பொலிசுக்குப் போடுகிற சாமான். 2011 இல் முன்சீற்றுக்காரருக்கு ஆசனப்பட்டி கட்டாயம் என்று வந்தபோது நாங்கள் சின்னப் பிள்ளைகள். ஆனால் அப்பாவின் கூட்டாளிமார் பட்டியைப் பூட்டாமல் தோளுக்கு மேலாலை இழுத்து மடியில் பிடித்துக்கொண்டு பொலிசைத் தாண்டினது ஞாபகம் இருக்கிறது. தாண்டினதும் கையை விட, அது சர்ரென்று உள்ளே போகும். எதிரே வருகிற வாகனம் லைற் அடித்தால் அங்கால பொலிஸ் நிற்குது என்று அர்த்தம். உடனே காருக்குள் எல்லாருக்கும் கை வேலை. இண்டைக்கும் அப்படித்தான். தண்டப் பணத்துக்குப் பயந்து போடுகிறோம், பயம் கழிந்ததும் கழற்றுகிறோம். பின்சீற்றில் போடுகிறதென்றால் 'இவையள் வெளிநாட்டிலையிருந்து வந்திருக்கினம்' என்று நினைப்பினம்.

ஐப்பசியில் வவுனியாவில் ஒரு சொந்தக்காரக் கலியாணம். இரவுச் சாப்பாடு முடித்து ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டோம். அப்பா ஓட, பக்கத்தில் அம்மா. பின்னுக்கு அம்மம்மாவும் நாங்கள் ரெண்டு பேரும். முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தோம். ஏ9 ஆலை போகிற வாகனம் அங்கே நிற்காமல் போனால் ஏதோ குறை மாதிரி. எல்லாரும் கும்பிடுகிறது ஒரே விசயத்துக்குத்தான், பத்திரமாய்ப் போய்ச் சேரவேணும். கும்பிட்டு முடிய கச்சான். அந்தக் கடைகளில் சுடச்சுட வறுத்த கச்சான் வாங்காமல் வருகிறவர் இல்லை. ஆளுக்கொரு சரை வாங்கினோம், அம்மம்மாவுக்கு மட்டும் அம்மா உடைத்துக் கொடுக்கவேணும், பல் இல்லை.

மழை விட்டு ஒரு மணித்தியாலம் இருக்கும். தரை ஈரம், தார் ரோட்டில் சூடு மிச்சம் இருக்கும், மாடுகள் ரோட்டிலேயே வந்து படுத்துவிடும். அந்தப் பாதையில் இரவில் ஓடுகிற எல்லாருக்கும் இது தெரியும், அப்பாவுக்கு எங்களைவிட நல்லாய்த் தெரியும். அவர் அறுபதில்தான் வந்தார். எதிரே வந்த லொறியின் லைற் கண்ணில் அடித்து, அது கடந்து போனதும் இருட்டு, இருட்டுக்குள் ஒரு கறுத்த மாடு.

அம்மா அந்த நேரம் பின்பக்கம் திரும்பி அம்மம்மாவின் கையில் உடைத்த கச்சானைப் போட்டுக்கொண்டிருந்தா.

பிறேக் பிடித்த சத்தம் எங்களுக்கு ஞாபகம் இல்லை. அம்மாவின் முகம் எங்களைப் பார்த்துக்கொண்டே தூரப் போனதுதான் ஞாபகம். பிறகு தலை டாஷ்போட்டில் பட்ட சத்தம். தேங்காய் உடைத்த சத்தம் மாதிரி என்று எழுதித் தம்பி வெட்டச் சொன்னார், வெட்டவில்லை. நாங்கள் மூன்று பேரும் முன்சீற்றுகளின் முதுகில் போய் மோதினோம். அம்மம்மாவின் மூக்குக்கண்ணாடி உடைந்தது. கார் மாட்டுக்கு ஒரு முழத்துக்கு முன்னால் நின்றது. மாடு எழும்பக்கூட இல்லை.

காருக்குள் ஒரே அமைதி. ஒரு டிங்கும் இல்லை.

அம்மாவின் நெற்றியில் புருவத்துக்கு மேலே பிளந்திருந்தது. கலியாணத்துக்கு உடுத்த சீலையின் முந்தானையால் அமத்திக்கொண்டு கிளிநொச்சிக்கு ஓடினோம். ஐந்து தையல், ஒரு இரவு வைத்துப் பார்த்தார்கள். தலைக்குள் ஒன்றும் இல்லை என்று காலையில் டொக்டர் சொன்னபிறகுதான் அப்பா தண்ணி குடித்தார். தையல் போடும்போது நேர்ஸ் "பெல்ற் போடேல்லையோ அம்மா?" என்று கேட்டிருக்கிறா. அம்மா சொன்ன பதில், "கார் ஒண்டும் சொல்லேல்லை, பிள்ளை".

அந்தப் பதிலை அம்மா குற்றமாய்ச் சொல்லவில்லை. அவவுக்கு அது வெறும் நடந்த கதை. சத்தம் கேட்டால் போட்டிருப்பா. கார் புதிதாய் வந்த காலத்தில் அந்த ஒரு டிங்குக்கே "ஓமோம், போடுறன் போடுறன்" என்று காரோடு கதைத்துக்கொண்டு போடுகிறவதான். எங்களுக்குத்தான் அந்தப் பதில் நெஞ்சுக்குள் நிற்கிறது. அப்பா மாட்டைப் பேசினார், லொறிக்காரனைப் பேசினார், தன்னைப் பேசினார். எங்களை ஒரு சொல்லும் சொல்லவில்லை. கிளிப் வாங்கி வந்தது ஆர் என்று வீட்டில் இன்றுவரை ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுகமாய் இருந்திருக்கும்.

தம்பி ஒரு கொப்பித் தாளில் கணக்குச் செய்து காட்டினார். மணிக்கு 60 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்குக் கிட்டத்தட்ட 17 மீற்றர். அந்த வேகத்தில் எதிலாவது மோதி நிற்கிறதும் 14 மீற்றர் உயரத்தில் இருந்து விழுகிறதும் ஒன்று. எங்கட வளவில் உயரமாய் நிற்கிற தென்னை அவ்வளவு வரும். அப்பா மாட்டுக்கு முன்னால் நிப்பாட்டினபடியால் அம்மா அந்தத் தென்னையின் நுனியிலிருந்து விழவில்லை. ஒரு தையல் போடுகிற உயரத்திலிருந்துதான் விழுந்தா. மாட்டில் மோதியிருந்தால் என்று தாளில் அடுத்த வரி எழுதப் போனார், பிறகு மடித்து வைத்துவிட்டார்.

அம்மா வீட்டுக்கு வந்து நாலாம் நாள் காரை வயறிங் அண்ணையிடம் கொண்டுபோனோம். இதை ஆவணியிலேயே செய்திருக்கலாம். செய்யாததுக்குக் காரணம், சென்சர் மாற்ற இருபதினாயிரம், முப்பதினாயிரம் வரும் என்று ஆரோ சொன்னது. ஆர் சொன்னது என்றும் ஞாபகம் இல்லை. ஒருத்தரிடமும் காட்டிக் கேட்கவுமில்லை.

அண்ணை முதலில் பற்றியைக் கழற்றிவிட்டு, பத்து நிமிசம் ஒன்றும் செய்யாமல் பிளேன் ரீ குடித்தார். சீற்றுக்குக் கீழே மஞ்சள் நிறத்தில் வயர்த் தலைப்பு இருந்தால் அது எயார்பாக் சம்பந்தப்பட்டது, கரண்ட் முழுக்க இறங்கும்வரை கை வைக்கக் கூடாது என்றார். "யூரியூப் பாத்து உங்கட பாட்டில கழட்டிப்போடாதேங்கோ பிள்ளையள். வெடிச்சால் முகத்திலதான்." பிறகு சீற்றைச் சரித்துக் கீழே எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் மணந்து பார்த்தார்.

"என்ன தம்பி, கூழ் மணக்குது?"

நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம்.

ஆவணியில், சத்தம் தொடங்கினதுக்கு ஒரு கிழமைக்கு முதல், மாமி வீட்டுக்கு ஒரு வாளி ஒடியல் கூழ் கொண்டு போனோம். நண்டு, மீன், இறால் எல்லாம் போட்ட நல்ல உப்பு உறைப்புக் கூழ். வாளியை முன்சீற்றில் வைத்து ஒருத்தர் பின்னுக்கு இருந்து பிடித்துக்கொண்டு வந்தது. சந்தித் திருப்பத்தில் பிடித்த கை ஃபோனுக்குப் போயிற்று. அரை வாளி சீற்றிலும் கீழேயும் போனது. அப்பாவுக்குச் சொல்லாமல் துடைத்து, ஈரத் துணி, சவர்க்காரத் தண்ணி, கடைசியில் அம்மாவின் சென்ற் எல்லாம் பாவித்து மணத்தைப் போக்கினோம். மேலே போக்கினோம். சீற்றுக்குக் கீழே போன உப்புத் தண்ணியைப் பற்றி நினைக்கவே இல்லை. சத்தம் தொடங்கினபோது கூட அந்த ரெண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. அல்லது யோசிக்க விரும்பவில்லை, இப்போது சரியாய்ச் சொல்லத் தெரியவில்லை.

சென்சருக்குப் போகிற வயர் தலைப்புக்குள் பச்சையாய்ப் பாசி மாதிரிப் பிடித்திருந்தது. செப்பு உப்புத் தண்ணியில் கறள் பிடிக்கிற நிறம். ரெண்டு கம்பிக்கும் நடுவில் அது ஒரு பாலம் போட்டு, எந்த நேரமும் 'ஆள் இருக்கு' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. மெத்தைக்குள் இருக்கிற தாளுக்கு ஒரு பிழையும் இல்லை. அண்ணை பழைய பல் பிறஸ் ஒன்றால் தேய்த்து, மருந்து அடித்து, காயவைத்து, திரும்பப் பூட்டினார். முக்கால் மணித்தியாலம். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய், பிளேன் ரீ உட்பட.

அவருடைய கராஜ் சுவரில் ஒரு ஆணியில் ஏழெட்டுக் கிளிப் தொங்கினது. எல்லாம் இப்படி வந்த கார்களில் கழற்றினது. எங்கட ரெண்டையும் கேட்டார். ஒன்றைக் கொடுத்தோம். மற்றது எங்கே போனது என்று தெரியாது என்று சொன்னோம். அது தம்பியின் மேசை லாச்சிக்குள் இருக்கிறது.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பாவிடம் கூழ்க் கதையைச் சொன்னோம். அவர் ரோட்டைப் பார்த்தபடி "அந்த நேரம் சொல்லியிருந்தால் வெயிலில சீற்றைக் கழட்டிக் காயவிட்டிருப்பன்" என்றார். அவ்வளவுதான். அம்மா சிரித்தா, தையல் இழுத்தது, நெற்றியைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் சிரித்தா.

இப்போது சீற் வெறுமையாய் இருந்தால் கார் பேசாது. ஆள் ஏறிப் பெல்ற் போடாவிட்டால் கத்தும். ஹயருக்கு வருகிற ஆக்கள் சிலர் முகம் சுளிப்பினம். "பெல்ற்றைப் போட்டால் நிக்கும்" என்று அப்பா சொல்லப் பழகிவிட்டார், குரலில் இன்னும் கொஞ்சம் கூச்சம் இருக்கிறது.

பின்சீற்றுக்கு எங்கட காரில் சத்தம் ஒன்றும் இல்லை, லைற்றும் இல்லை. தையில் அம்மம்மாவை நல்லூருக்குக் கூட்டிக்கொண்டு போகப் பெல்ற் போடுவம் என்று தேடினால் பூட்டையே காணவில்லை. கார் வாங்கின கிழமையே அப்பா போட்ட ரெக்சின் உறைக்குக் கீழே அது புதைந்து கிடந்தது. இவ்வளவு வருசம் பின்னுக்கு இருந்த ஒருத்தரும் அதைக் கண்டதில்லை. பிளேட்டால் உறையைக் கீறி மூன்று பூட்டையும் வெளியில் எடுத்தோம். அதற்குள்ளும் பழைய கச்சான் கோது. அம்மம்மா கையை ரெண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு பேசாமல் இருந்தா. பூட்டு 'கிளிக்' என்றதும் பட்டியை இழுத்து இழுத்துப் பார்த்தா.

"இனி நான் எங்க இறங்கி ஓடுறது?" என்று கேட்டா. பிறகு முன்சீற்றைக் காட்டி, "அங்கையிருக்கிற ஆளுக்கும் போட்டாச்சோ?"

அம்மா முன்னுக்கிருந்து "ஓமம்மா, போட்டாச்சு" என்றா.